எல்விஸுக்குப் பாடிக் காட்டியவர்

1956 ஜூலை 2, திங்கட்கிழமை. நியூயார்க்கில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஸ்டூடியோவுக்கு எல்விஸ் பிரெஸ்லி வந்தபோது மனதில் கடுப்பு இருந்தது. முந்தின நாள் இரவுதான் ஸ்டீவ் ஆலனின் டி.வி. நிகழ்ச்சியில் அவருக்கு வால்கோட்டு மாட்டி, எதிரே ஒரு நாயை உட்காரவைத்து, அதன் முகத்தைப் பார்த்து ‘ஹவுண்ட் டாக்’ பாடவைத்திருந்தார்கள். இடுப்பை ஆட்டி ஊர்ப் பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்ற புகாருக்கு டி.வி.க்காரர்கள் செய்த பரிகாரம் அது. மறுநாள் அதே பாட்டை 31 டேக் எடுத்த பிறகுதான் எல்விஸ் ஓய்ந்தார். அப்போது அவருக்கு வயது 21.

தட்டின் ஒரு பக்கம் ஆயிற்று. மறுபக்கத்துக்கு ஒன்று வேண்டுமே? இசைப் பதிப்பகத்துக்காரர்கள் மாதிரிக்குப் பாடிப் பதிந்து கொண்டுவந்திருந்த டெமோ தட்டுகளைப் போட்டுக் கேட்டார்கள். அவற்றில் ஒன்று எல்விஸுக்குப் பிடித்துப்போனது. கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு பாட ஆரம்பித்தார். 28 டேக். அந்தப் பாட்டு, ‘டோன்ட் பீ க்ரூயல்’.

அந்த டெமோவில் பாடியிருந்தவர் ஓட்டிஸ் பிளாக்வெல். ப்ரூக்ளின்காரர், கறுப்பினத்தவர், வயது 25. வார்த்தை, மெட்டு இரண்டும் அவருடையவை. சில மாதங்களுக்கு முன்புவரை ஒரு தையல் கடையில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தட்டு அச்சாகி வந்தபோது அதில் பாட்டை எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள் இருந்தன: பிளாக்வெல், பிரெஸ்லி.

இந்தக் கதையை ஏமாற்றப்பட்ட ஒரு மனிதரின் கதையாகச் சொல்வது சுலபம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பிளாக்வெல்லிடமிருந்து போனது எது, அவரே கொடுத்தது எது என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் கதை சூடுபிடிக்கிறது.

கௌபாய் படம் பார்த்த பையன்

1931-ல் பிறந்த பிளாக்வெல் சிறு வயதிலேயே பியானோ பழகியவர். தெருவில் கேட்டதெல்லாம் ப்ளூஸும் ரிதம் அண்ட் ப்ளூஸும். தியேட்டரில் பார்த்ததோ கௌபாய் படங்கள். அவருடைய கதாநாயகன் டெக்ஸ் ரிட்டர்; குதிரையேறித் துப்பாக்கி சுடுவதோடு பாடவும் செய்கிற வெள்ளைக்கார நடிகர். நியூயார்க்கின் கறுப்பினப் பையன் ஒருவனுக்கு டெக்சாஸ் மாட்டுக்காரன் பாட்டில் என்ன ஈர்ப்பு என்று கேட்கலாம். ஆனால் பிற்பாடு அவர் போட்ட மெட்டுகளின் மர்மமே அதுதான். அடியில் ப்ளூஸின் தாளம் ஓடும். மேலே கன்ட்ரி பாட்டின் எளிமையும் கதை சொல்லும் வாகும் இருக்கும்.

அன்றைய அமெரிக்காவில் இந்தக் கலப்பு சாதாரண விஷயம் இல்லை. தட்டு விற்பனைப் பட்டியல்களே மூன்றாகப் பிரிந்து கிடந்தன. கறுப்பினத்தவர் வாங்குவதற்கு ரிதம் அண்ட் ப்ளூஸ், தென் மாநில வெள்ளையருக்குக் கன்ட்ரி, மற்றவர்களுக்குப் பாப். ‘டோன்ட் பீ க்ரூயல்’, ‘ஹவுண்ட் டாக்’ இரண்டும் சேர்ந்த அந்தத் தட்டு மூன்று பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. பாப் பட்டியலின் உச்சியில் 11 வாரம் உட்கார்ந்திருந்தது. அந்தச் சாதனையை முறியடிக்க 1992 வரை ஆளில்லை.

1952-ல் ஹார்லெமின் அப்போலோ தியேட்டரில் நடந்த புதுமுகப் பாடகர் போட்டியில் பிளாக்வெல் ஜெயித்தார். அந்தத் தியேட்டர் ரசிகர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர். பிடிக்காவிட்டால் பாடகரைக் கத்தியே மேடையை விட்டு இறக்கிவிடுவார்கள். அங்கே ஜெயித்ததில் தட்டு வெளியிடும் வாய்ப்பு வந்தது. ஜோ டேவிஸ் என்பவரின் சிறு கம்பெனிக்காக 1953-ல் ‘டாடி ரோலிங் ஸ்டோன்’ என்ற சொந்தப் பாட்டைப் பாடினார். அருமையான தட்டு. பன்னிரண்டு வருடம் கழித்து இங்கிலாந்தின் ‘தி ஹூ’ குழு அதைத் தேடிப்பிடித்துப் பாடியது. ஆனால் 1953-ல் அது பாடியவருக்குச் சோறு போடவில்லை. இஸ்திரிப் பெட்டிதான் போட்டது.

150 டாலர் கிறிஸ்துமஸ்

1955 டிசம்பர் 24. மன்ஹாட்டனில், பிராட்வே 1619-ஆம் எண் வாசல். ப்ரில் பில்டிங் என்று பெயர். அந்தக் கட்டடத்துக்குள் இசைப் பதிப்பகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. அங்கே ஒருவர் பாட்டு எழுதி, மெட்டும் போட்டுக் கொண்டுவருவார். பதிப்பகம் அதை வாங்கிப் பாடகர்களிடம் கொண்டுபோய் விற்கும். நம் சினிமாவில் கவிஞர் வேறு, இசையமைப்பாளர் வேறு. அங்கே பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள், அல்லது ஒன்றாக உட்கார்ந்து எழுதும் இருவர்.

பண்டிகைச் செலவுக்குக் கையில் காசில்லாமல் அந்த வாசலில் நின்றிருந்தார் பிளாக்வெல். லெராய் கிர்க்லாண்ட் என்ற தெரிந்த இசைக்காரர் அந்தப் பக்கம் வந்தவர், விற்க ஏதாவது பாட்டு இருக்கிறதா என்று விசாரித்தார். இருந்தது. ஷாலிமார் மியூசிக் என்ற பதிப்பகத்துக்கு அழைத்துப் போனார். ஆறு பாட்டுகள், பாட்டுக்கு 25 டாலர், மொத்தம் 150 டாலர். கிறிஸ்துமஸ் நடந்தது. அந்த ஆறில் ஒன்று ‘டோன்ட் பீ க்ரூயல்’.

சில மாதங்களில் எல்விஸ் தரப்பிலிருந்து சேதி வந்தது. பாட்டு பிடித்திருக்கிறது, பாடுவார். ஆனால் எழுதியதில் பாதி எல்விஸ் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு பாட்டு பார்த்துக்கொள்வார்கள்.

இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட்டால் அதன் கணக்கு புரியாது. அமெரிக்க ரேடியோவில் ஒரு தட்டு ஒலிபரப்பானால் பாட்டை எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் பணம் உண்டு. பாடியவருக்கு ஒரு சென்ட்டும் கிடையாது. சாதாரண ரேடியோவுக்கு இன்றைக்கும் அங்கே அதுதான் நிலைமை. நாளெல்லாம் ரேடியோவில் ஒலித்த எல்விஸின் குரலுக்கு ரேடியோவிலிருந்து வருமானமே இல்லை. அவருடைய மேனேஜர் கர்னல் டாம் பார்க்கரும், ஹில் அண்ட் ரேஞ்ச் பதிப்பகத்தின் ஆபர்பாக் சகோதரர்களும் இதற்கு வழி வைத்திருந்தார்கள். ‘எல்விஸ் பிரெஸ்லி மியூசிக்’ என்றே ஒரு பதிப்பகம். அவர் பாடும் பாட்டில் பதிப்பகப் பங்கு வேண்டும்; முடிந்தால் எழுதியவர் பங்கிலும் பாதி வேண்டும்.

எழுதியவருக்கு என்ன மிஞ்சும்? 1909-ஆம் வருடச் சட்டம் விற்கிற ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் என்று நிர்ணயித்திருந்தது. வழக்கமான பங்கீட்டில் ஒரு சென்ட் பதிப்பகத்துக்கு, ஒரு சென்ட் எழுதியவருக்கு. அந்த ஒரு சென்ட்டிலும் பாதியை எல்விஸுக்குக் கொடுத்தால் அரை சென்ட். பத்து லட்சம் தட்டு விற்றால் 5,000 டாலர். தையல் கடைக்காரருக்கு அது பெரும் பணம்தான். எல்விஸ் பாடாத பாட்டுக்கு முழு ஒரு சென்ட் கிடைத்தாலும் எத்தனை தட்டு விற்கும்? பிளாக்வெல் அந்தக் கணக்கைப் போட்டார், சரி என்றார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது.

அதே தட்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். ‘ஹவுண்ட் டாக்’ எழுதிய ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் பெயர்களோடு எல்விஸ் பெயர் ஒட்டவில்லை. பிக் மாமா தார்ன்டன் அதை ஏற்கெனவே பாடி, 1953-ல் ஹிட் ஆக்கிவிட்டார். ஊரறிந்த பாட்டில் யாரும் புதிதாகப் பங்கு கேட்க முடியாது. யாரும் பாடாமல் கையில் வைத்திருக்கும் புதுப் பாட்டுக்குத்தான் இந்த வரி.

எல்விஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தான் பாட்டு எழுதுகிறவன் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. கேட்டவர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். காகிதத்தில் மட்டும் அந்தப் பெயர் அப்படியே இருந்தது.

தட்டில் இருந்த குரல்

பணத்தை விடுங்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது டெமோ.

நம் ஊர் ரெக்கார்டிங் தியேட்டர்களில் ‘ட்ராக் பாடுவது’ என்று ஒரு வேலை உண்டு. பெரிய பாடகர் வருவதற்கு முன் வேறொருவர் பாட்டு முழுவதையும் பாடி வைப்பார். பெரியவர் வந்து அதைக் கேட்டுப் படித்துக்கொண்டு பாடுவார். ட்ராக் பாடியவர் குரல் அழிக்கப்படும். எங்கே மூச்சு வாங்குவது, எந்த எழுத்தை இழுப்பது, எங்கே சிரிப்பைக் கலப்பது என்பதில் ட்ராக் பாடியவரின் கைங்கரியம் எவ்வளவு என்று ஹெட்போன் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

பிளாக்வெல் தன் பாட்டுக்குத் தானே ட்ராக் பாடியவர். எல்விஸ் அந்த டெமோக்களின் பாணியைப் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. பிளாக்வெல் பிற்காலத்தில் தன் பாட்டுகளைத் தானே பாடிப் பதிவு செய்ததைக் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. வார்த்தையை விழுங்குவது, ஒரு அசையை இரண்டாக உடைத்துக் குதிப்பது, தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் நடப்பது: எல்விஸைப் பார்த்துப் பாடுகிறாரோ என்று புதிதாகக் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். வரிசை தலைகீழ்.

இதையும் அளவு தெரிந்துதான் சொல்ல வேண்டும். 1954-லேயே மெம்ஃபிஸின் சன் ரெக்கார்ட்ஸில் எல்விஸ் பாடிய தட்டுகள் இருக்கின்றன. அந்தத் துள்ளலும் விக்கலும் அப்போதே அவரிடம் இருந்தன. பிளாக்வெல்தான் எல்விஸுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்வது மிகை. ஆனால் சன் காலத்து எல்விஸ் முரட்டுக் குதிரை. ‘டோன்ட் பீ க்ரூயல்’ பாடுகிற எல்விஸ் கடிவாளம் தெரிந்தவர், குரலைத் தாழ்த்தி, சிரிப்போடு கெஞ்சுகிறவர். அந்த அடக்கம் டெமோவிலிருந்து வந்தது என்பதே என் கணிப்பு.

இந்தப் பாணிக்குச் சட்டத்தில் விலையே இல்லை. வார்த்தைக்குப் பதிப்புரிமை உண்டு, மெட்டுக்கு உண்டு. ஒரு வரியை எப்படிச் சொன்னார் என்பதற்கு எந்த நாட்டிலும் ராயல்டி கிடையாது. பாதிப் பெயர் போனதைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். அதுவாவது பேசி முடித்த பேரம், பதிலுக்கு அரை சென்ட் வந்தது. டெமோத் தட்டில் போன குரலுக்கு அதுகூட வரவில்லை.

அடுத்த வருடம் ‘ஆல் ஷுக் அப்’. பதிப்பகத்தின் அல் ஸ்டான்டன் ஒரு பெப்சி பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே வந்து, இதை வைத்து எழுதேன் என்று சீண்டியதில் பிறந்த பாட்டு என்பது பிளாக்வெல் தரப்புக் கதை. 1957-ல் அமெரிக்காவில் ஆண்டின் முதல் பாட்டாகவே அதைப் பில்போர்டு பத்திரிகை அறிவித்தது. இங்கிலாந்தில் எல்விஸ் முதல்முறையாக முதலிடம் பிடித்ததும் அதில்தான். அதிலும் இரண்டு பெயர்கள்.

இன்னொரு பெயரில் வந்த ஜுரம்

‘ஃபீவர்’ பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. விரல் சொடுக்கும் டபுள் பாஸின் நடையுமாக வருமே, அது. எழுதியவர்கள் எடி கூலி, ஜான் டேவன்போர்ட் என்று தட்டில் இருக்கும். ஜான் டேவன்போர்ட் வேறு யாருமில்லை, நம் பிளாக்வெல்தான். ஜோ டேவிஸோடு போட்ட பழைய ஒப்பந்தம் கழுத்தில் கிடந்ததால் தன் பெயரில் எழுத முடியவில்லை. மாற்றாந்தந்தையின் பெயரைக் கடன் வாங்கினார்.

1956-ல் முதலில் பாடியவர் லிட்டில் வில்லி ஜான். பதினெட்டு வயது, ஆனால் ஐம்பது வயது துக்கம் தெரிந்த குரல். ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். இரண்டு வருடம் கழித்துப் பெகி லீ அதை எடுத்தார். பக்கவாத்தியத்தையெல்லாம் கழற்றிவிட்டு பாஸ், டிரம்ஸ், விரல் சொடுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். ரோமியோ-ஜூலியட், கேப்டன் ஸ்மித்-போகஹாண்டஸ் என்று புகழ்பெற்ற காதலர்களைக் கொண்டுவரும் சரணங்களைப் புதிதாகச் சேர்த்தார். உலகம் அறிந்த ‘ஃபீவர்’ அதுதான். பின்னால் பாடிய பலரும் அந்தச் சரணங்களையும் சேர்த்தே பாடினார்கள். 1992-ல் மடோனாவும் பாடினார்.

பெகி லீ சேர்த்த வரிகளுக்கு அவருக்குப் பெயரும் இல்லை, பங்கும் இல்லை. எழுதியவர்கள் கூலி, டேவன்போர்ட் என்றே இருந்தது. எழுதாத பாட்டில் பெயர் வாங்கிய பாடகர் ஒரு பக்கம். எழுதியும் பெயர் வாங்காத பாடகி இன்னொரு பக்கம். ஏமாளி யார், ஏமாற்றியவர் யார் என்று கோடு போட வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் கை நடுங்கும்.

1957-ன் கடைசியில் வந்த ‘க்ரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’ பாட்டின் தலைப்பு ஜாக் ஹாமர் என்பவருடையது. அவருடைய பாட்டு பிளாக்வெல்லுக்குப் பிடிக்கவில்லை, தலைப்பு பிடித்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு புதுப் பாட்டே எழுதினார். பெயரில் ஹாமரையும் சேர்த்துக்கொண்டார். இங்கே பாதி கொடுத்தது அவராகவே. ‘ஜம்போரி’ என்ற படத்துக்காக ஜெர்ரி லீ லூயிஸ் அதைப் பாடினார். தேவபக்தி நிறைந்த குடும்பத்தில் வளர்ந்த லூயிஸ், இது சாத்தானின் இசை என்று சன் ரெக்கார்ட்ஸ் முதலாளி சாம் ஃபிலிப்ஸோடு ஸ்டூடியோவிலேயே வேத விசாரம் நடத்தினார். டேப் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தச் சண்டையும் பதிவாகி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. விசாரம் ஓய்ந்ததும் பியானோவில் உட்கார்ந்து சாத்தானே எழுந்து ஆடும்படி வாசித்தார். அடுத்த வருடம் ‘ப்ரெத்லெஸ்’. அதுவும் பிளாக்வெல்.

ஜிம்மி ஜோன்ஸ் பாடி 1960-ல் ஹிட்டான ‘ஹேண்டி மேன்’ ரெக்கார்டிங்குக்குப் புல்லாங்குழல்காரர் வரவில்லை. அந்த இடத்தில் பிளாக்வெல் விசிலடித்தார். தட்டில் இருப்பது அந்த விசில்தான். 1977-ல் ஜேம்ஸ் டெய்லர் அதே பாட்டைத் தாலாட்டுப்போல் நிதானமாக்கிப் பாடி கிராமி விருது வாங்கினார்.

1962-ல் எல்விஸின் ‘கேர்ள்ஸ்! கேர்ள்ஸ்! கேர்ள்ஸ்!’ படத்துக்கு வின்ஃபீல்ட் ஸ்காட்டோடு சேர்ந்து எழுதியது ‘ரிட்டர்ன் டு செண்டர்’. தபாலில் திரும்பி வந்த ஓர் உறையின் முத்திரையைப் பார்த்துப் பிறந்த பாட்டு. இதில் பெயர்கள் பிளாக்வெல், ஸ்காட் மட்டுமே. எல்விஸ் பெயர் இல்லை. இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம்.

சந்திக்காத இருவர்

இத்தனைக்கும் பிளாக்வெல்லும் எல்விஸும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. படத்தில் தலைகாட்ட அழைப்புகூட வந்ததாகச் சொல்வார்கள். போகாததற்கு பிளாக்வெல் சொன்ன காரணம் ராசி. பார்க்காமலே நன்றாக நடக்கிறது, பார்த்து ஏன் கெடுத்துக்கொள்வது? சினிமாவில் தேங்காய் உடைக்காமல் கேமராவைத் தொடாத நமக்கு இது புரியாத விஷயமல்ல. ஆனாலும் முழுக்க நம்ப முடியவில்லை. தன் டெமோவில் இருப்பதைத் தன் எதிரிலேயே இன்னொருவர் பாடிக் காட்டுவதை நின்று கேட்பது எவருக்கும் எளிதல்ல. 1977 ஆகஸ்ட் 16-ல் எல்விஸ் இறந்தபோது அந்த வாய்ப்பும் போனது.

அதற்கு வெகுகாலம் முன்பே பிளாக்வெல்லின் சந்தை சுருங்கிவிட்டது. 1964-ல் பீட்டில்ஸ் அமெரிக்காவில் இறங்கிய பிறகு, தன் பாட்டைத் தானே எழுதுகிறவர்தான் கலைஞர் என்ற எண்ணம் வேரூன்றியது. எழுதுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர் என்ற ப்ரில் பில்டிங் தொழிலே ஆட்டம் கண்டது. ஆயிரத்துக்கு மேல் பாட்டுகள் எழுதியவராகச் சொல்லப்படும் பிளாக்வெல், 1970-களின் பிற்பகுதியில் தன் ஹிட்களைத் தன் குரலிலேயே பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார். பெயர், ‘தீஸ் ஆர் மை சாங்ஸ்’. இவை என் பாட்டுகள் என்று தட்டின் மேலேயே எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

1984 ஜனவரியில் டேவிட் லெட்டர்மேனின் டி.வி. நிகழ்ச்சிக்கு வந்தார். ‘டோன்ட் பீ க்ரூயல்’ பாட்டைத் தான் டெமோவில் பாடிய மாதிரியே பாடிக் காட்டினார். எந்தக் குறையும் சொல்லவில்லை, நிதானமாகப் பேசினார். ஸ்டீவ் ஆலனின் நிகழ்ச்சியில் எல்விஸ் கோமாளியாக்கப்பட்ட இரவுக்கு இருபத்தேழரை வருடம் கழித்து, அதே நியூயார்க்கில், மூலக் குரலை அமெரிக்கா முதல்முறையாகப் பரவலாகக் கேட்டது.

பின்னர் நாஷ்வில்லில் குடியேறினார். கன்ட்ரி இசையின் தலைநகர் அது. டெக்ஸ் ரிட்டரின் ரசிகருக்குப் பொருத்தமான ஊர். அந்த ஊர்ப் பாடலாசிரியர்கள் சங்கம் 1986-லேயே தன் பெருமைப் பட்டியலில் அவரைச் சேர்த்திருந்தது. 1991-ல் தேசிய அளவிலான பாடலாசிரியர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. அதே வருடம் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. 2002 மே 6-ல், 71 வயதில், நாஷ்வில்லில் மாரடைப்பால் இறந்தார்.

கிளீவ்லாண்டின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986-ல் தன் முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்தபோது எல்விஸ் இருந்தார், ஜெர்ரி லீ லூயிஸும் இருந்தார். பிளாக்வெல்லின் முறை 2010-ல் வந்தது. எல்லி க்ரீன்விச்-ஜெஃப் பேரி, பேரி மான்-சிந்தியா வைல், மோர்ட் ஷூமன், ஜெஸ்ஸி ஸ்டோன் ஆகியோரோடு சேர்த்து அவரையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருமே மற்றவர்கள் பாடுவதற்காக எழுதியவர்கள். 1956-ல் வெளியான பாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் பதிப்புரிமை 95 வருடம். ‘டோன்ட் பீ க்ரூயல்’ 2051-ன் கடைசி நாள்வரை சம்பாதிக்கும். எழுதியவர்கள் இடத்தில் இன்றும் அதே இரண்டு பெயர்கள்.